யாருக்கு வியப்பில்லை என்று பாருங்கள்: டிஸ்டோபியா படங்களின் தொடக்கக் காட்சிகள்

கேள்வி இது: எல்லாம் கெட்டுப்போன ஓர் எதிர்கால நகரத்தில் நடக்கும் குறும்படத்துக்கு ஒருவர் திரைக்கதை எழுதுகிறார். அந்த உலகத்தின் கதையைப் பின்னணிக் குரலில் முதலிலேயே சொல்லிவிடலாமா, காட்சியிலேயே புரியவைக்க வேண்டுமா? இப்படிக் கெட்டுப்போன எதிர்காலத்தைக் காட்டும் பேர்பெற்ற டிஸ்டோபியா படங்கள் முதல் சில நிமிடங்களில் இதை எப்படிச் செய்கின்றன?

என் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் படங்களுக்குப் போகலாம். தொடக்கக் காட்சி நமக்கு உலகத்தை விளக்க வேண்டியதில்லை. அங்கே வாழ்கிறவர்களுக்கு எதெல்லாம் பழகிப்போய்விட்டது என்று காட்டினால் போதும். நமக்குத் தூக்கிவாரிப்போடும் ஒன்றைத் திரையில் இருக்கும் ஆள் ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்துபோகிறார் என்றால், நமக்கும் அவருக்கும் நடுவே இருக்கும் அந்தத் தூரத்தில்தான் எதிர்காலம் பிறக்கிறது. காரணகாரியங்கள் பின்னால் வரலாம். வராமலே போனாலும் குடிமுழுகிவிடாது.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் படம் அல்ஃபோன்சோ குவாரோனின் 'சில்ட்ரன் ஆஃப் மென்' (2006). பி.டி. ஜேம்ஸ் 1992-இல் எழுதிய நாவலைத் தழுவியது. திரை கறுப்பாக இருக்கும்போதே செய்தி வாசிக்கும் குரல்கள் தொடங்கிவிடும். சியாட்டில் முற்றுகையின் ஆயிரமாவது நாள். பிரிட்டனின் எல்லைகள் மூடியே இருக்கும், சட்டவிரோதக் குடியேறிகளை நாடுகடத்துவது தொடரும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக, வானிலை அறிக்கை படிக்கும் தொனியில் வந்து விழும். அப்புறம் தலைப்புச் செய்தி: உலகத்திலேயே வயதில் இளையவரான டியேகோ ரிக்கார்டோ இறந்துவிட்டார். ஆட்டோகிராஃப் தர மறுத்ததால் புவனோஸ் ஐரிஸில் ஒரு மதுக்கடைக்கு வெளியே குத்திக் கொல்லப்பட்டார். வயது 18 ஆண்டு, 4 மாதம், 20 நாள், 16 மணி, 8 நிமிடம்.

இந்தக் கணக்கைக் கவனியுங்கள். உலகத்தில் குழந்தை பிறப்பது நின்றுபோய்விட்டது என்று இந்தக் காட்சியில் யாரும் சொல்லவில்லை. செய்தியைக் கேட்பவர்களுக்கு அது தெரிந்த சங்கதி, அதை எதற்குத் திரும்பச் சொல்ல வேண்டும்? நாம்தான் மனதுக்குள் கழித்துப் பார்க்கிறோம். இளையவருக்கே பதினெட்டு என்றால், பதினெட்டு வருடமாக யாரும் பிறக்கவில்லை. கூட்டல் கழித்தலை நம்மிடமே விட்டுவிட்டதால் அந்த உண்மை நம் தலைக்குள் உருவாகிறது. வெளியிலிருந்து சொல்லப்படும் தகவலைவிட நாமே போட்டுப் பார்த்த கணக்கை நாம் அதிகம் நம்புகிறோம். நிமிடம் வரை எண்ணிச் சொல்கிறார்களே, அதிலும் ஒரு செய்தி இருக்கிறது. இந்த ஆளின் வயதை உலகமே கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

படம் தெரிய ஆரம்பிக்கும்போது நாம் காண்பது ஒரு சின்ன காப்பிக் கடை. எல்லோரும் அண்ணாந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு உறைந்து நிற்கிறார்கள். தியோ (கிளைவ் ஓவன்) உள்ளே வருகிறான், கூட்டத்தை விலக்கி முன்னால் போகிறான், காப்பி வாங்கிக்கொள்கிறான், ஒரு தரம் திரையைப் பார்த்துவிட்டு வெளியேறுகிறான். ஊரே அழும் ஒரு சாவுக்கு நடுவே காப்பிக் கோப்பையோடு நழுவுகிற மனிதன். நாயகன் எப்படிப்பட்டவன் என்பதும் உலகம் எப்படிப்பட்டது என்பதும் ஒரே அசைவில் முடிந்துவிட்டன. இரண்டுக்கும் தனித்தனிக் காட்சி எழுதியிருந்தால் படம் பத்து நிமிடம் கனத்துப்போயிருக்கும்.

வெளியே லண்டன் ஃப்ளீட் தெரு. 2027 நவம்பர் 16 என்று எழுத்து வருகிறது. கேமரா தியோவின் பின்னால் கையில் தூக்கியபடி நடக்கிறது. ஒளிப்பதிவு இம்மானுவேல் லுபெஸ்கி. கட்டிடங்களின் சுவரில் அசையும் விளம்பரங்கள், கீழே குப்பை, புகை, ரிக்‌ஷாக்கள். பறக்கும் கார் ஒன்றுகூட இல்லை. 'பிளேடு ரன்னர்' போன்ற படத்துக்கு நேர் எதிர்த்திசையில் இதைக் கொண்டுபோக வேண்டும் என்பதில் குவாரோன் உறுதியாக இருந்தார். கண்ணைப் பறிக்கும் தொழில்நுட்பம் எதுவும் கூடாது, இன்றைய லண்டனே கொஞ்சம் நைந்துபோனதுபோல இருக்க வேண்டும் என்பது கணக்கு. கேமராவும் இந்தத் தெருவை வியந்து பார்ப்பதில்லை. எதையும் கிட்டத்தில் போய்க் காட்டுவதில்லை. பின்னணியில் என்னென்னவோ நடக்கிறது, பார்த்தால் பாருங்கள், இல்லாவிட்டால் போங்கள் என்ற அலட்சியம். பெரும் பணம் செலவழித்து ஒரு தெருவை உருவாக்கிவிட்டு அதை இப்படி ஓரக்கண்ணால் மட்டும் காட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

தியோ நடைபாதையோரம் நின்று காப்பியில் விஸ்கி ஊற்றிக்கொள்கிறான். பின்னால் அந்தக் கடை வெடித்துச் சிதறுகிறது. கேமரா அவனை விட்டுவிட்டு வெடிப்பை நோக்கி ஓடுகிறது. புகைக்குள்ளிருந்து ஒரு பெண் அறுந்துபோன தன் கையை மற்றொரு கையில் பிடித்துக்கொண்டு வருகிறாள். காதில் கீ... என்ற இரைச்சல். படத்தின் பெயர். இவ்வளவும் இரண்டு நிமிடச் சொச்சத்தில்.

வெடிப்பு அதிர்ச்சிக்காக மட்டும் வைத்ததாகத் தோன்றலாம். அடுத்த காட்சியில்தான் அதன் வேலை புரியும். தியோ நேராக அலுவலகத்துக்குப் போகிறான். அங்கே எல்லோரும் மேசையில் உட்கார்ந்து டியேகோவுக்காகக் கண்ணீர் விடுகிறார்கள். இவன் மேலதிகாரியிடம் போய், டியேகோவின் சாவு தன்னை ரொம்பவும் பாதித்துவிட்டது என்று சொல்லி வீட்டுக்குப் போக அனுமதி வாங்கிக்கொள்கிறான். சற்று முன்பு தான் மயிரிழையில் சாவிலிருந்து தப்பியதைக் காரணமாகச் சொல்லவில்லை! குண்டுவெடிப்பு அந்த ஊரில் விடுப்புக்குக் காரணமாகாது, பிரபலத்தின் சாவு ஆகும். இந்த ஒரு வசனத்தைக் கேட்டுவிட்டால் அந்தச் சமூகத்தைப் பற்றிச் சொல்ல வேறு பெரிதாக ஒன்றும் பாக்கி இல்லை. காதில் கேட்ட அந்த இரைச்சலையும் படம் வீணாக்கவில்லை. காதுக்குள் செல்கள் சாகும்போது வரும் ஓசை அது என்று பின்னால் தியோவின் முன்னாள் துணைவி ஜூலியன் சொல்வாள்.

வசனவரியோடு பார்ப்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும்போது அந்த முதல் அரை நிமிடம் கெட்டுவிடுகிறது. இருட்டில் குரல் மட்டும் கேட்க வேண்டும் என்று வைத்த இடம் அது. இரண்டாம் முறை பார்க்கும்போதாவது வசனவரியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

இதே வித்தையைச் சிரிப்பாக மாற்றினால் டெர்ரி கில்லியமின் 'பிரேசில்' (1985). மேகங்கள், பாட்டு, அப்புறம் ஓர் எழுத்து: இரவு 8.49, இருபதாம் நூற்றாண்டில் எங்கோ ஓரிடம். மணி மட்டும் நிமிடச் சுத்தமாக இருக்கிறது, ஆண்டும் ஊரும் இல்லை. கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத ஒரு சமூகம் என்பதை இந்த ஒற்றை அட்டை சொல்லிவிடுகிறது. ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொலைக்காட்சிப் பெட்டிகளில் வீட்டுக் குழாய்களுக்கு விளம்பரம் ஓடுகிறது. காற்றும் கழிவும் போகும் அந்தத் தடித்த குழாய்கள் இப்போது புதிய நிறங்களில் கிடைக்கின்றனவாம். ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்துபோகிறார், கடை வெடிக்கிறது. இடிபாட்டில் பிழைத்துக்கிடக்கும் ஒரு பெட்டியில் துணை அமைச்சர் பேட்டி தந்துகொண்டிருக்கிறார். குண்டுவெடிப்புகள் தொடங்கிப் பதின்மூன்று வருடமாகிறதே என்று கேட்டால், தொடக்கக்காரர்களுக்கு வாய்க்கும் அதிர்ஷ்டம் என்று சிரிக்கிறார். குற்றவாளி என்று தீர்ப்பானவர்கள் தங்கள் காவலுக்கும் விசாரணைக்கும் ஆகும் செலவைத் தாங்களே கட்ட வேண்டியது நியாயம்தானே என்றும் சொல்கிறார். விசாரணை என்றால் அங்கே சித்திரவதை என்று நமக்குப் பின்னால்தான் தெரியவரும்.

அந்தப் பேட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் அலுவலகத்தில் ஒருவர் பூச்சியை அடிக்கிறார். அது அச்சு இயந்திரத்துக்குள் விழுகிறது, கைது ஆணையில் டட்டில் என்ற பெயர் பட்டில் ஆகிவிடுகிறது. அடுத்த காட்சி பட்டில் வீடு. கிறிஸ்துமஸ் நேரம், அம்மா பிள்ளைகளுக்குக் கதை படித்துக்கொண்டிருக்கிறார். கூரையில் வட்டமாகத் துளை போட்டு ஆயுதப்படை இறங்குகிறது. கணவனைச் சாக்குபோன்ற ஒன்றில் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் ஓர் அதிகாரி காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார். இது உங்கள் கணவருக்கான ரசீது. இது உங்கள் ரசீதுக்கான என் ரசீது. அப்புறம் வேலையாட்கள் கூரைத் துளையை அடைக்க வந்தால் மூடி அளவில் சேரவில்லை, கீழே விழுகிறது. நம்மிடம் சொல்லாமலே மறுபடி மெட்ரிக் அளவுக்கு மாறிவிட்டார்கள் என்று அவர்கள் புலம்புகிறார்கள்.

எனக்கு இந்தப் படத்தின் மிச்சப் பகுதியில் சில மனத்தாங்கல்கள் உண்டு, நீளம் உட்பட. ஆனால் இந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடு சொல்லத் தெரியவில்லை. கொடுங்கோல் ஆட்சி என்றால் கத்தும் தலைவன், கொடி, அணிவகுப்பு என்று ஒரு பழக்கமான சரக்கு இருக்கிறதே, அதில் எதுவும் இங்கே இல்லை. கில்லியம் காட்டுவது ஒரு படிவம். அந்த அதிகாரி கெட்டவர் என்றுகூடச் சொல்ல முடியாது. முறைப்படி ரசீது தருகிறார். அரசு அலுவலகத்தில் ஒரு பெயர்ப் பிழையைத் திருத்த அலைந்தவர் யாராக இருந்தாலும் அடிவயிறு கலங்கும்.

'மெட்ரோபொலிஸ்' (1927) இதையெல்லாம் ஒலி இல்லாமலே செய்தது. ஃபிரிட்ஸ் லாங் முதலில் காட்டுவது இயந்திரங்கள்: ஏறி இறங்கும் தண்டுகள், சுழலும் சக்கரங்கள், கடிகாரம். இருபத்துநாலு மணிக் கடிகாரத்தோடு பத்து மணி மட்டும் உள்ள ஒரு கடிகாரமும் வரும். தொழிலாளியின் நாள் எதனால் அளக்கப்படுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. சங்கு ஊதுகிறது, ஷிப்ட் மாறுகிறது. ஒரே மாதிரி கறுப்பு உடையில், குனிந்த தலையோடு இரண்டு கூட்டங்கள், ஒன்று உள்ளே போகிறது, மற்றொன்று வெளியே வருகிறது. வெளியே வருகிற கூட்டம் உள்ளே போகிற கூட்டத்தைவிட மெதுவாக அடியெடுத்து வைக்கிறது. பத்து மணி நேரம் மனிதனை என்ன செய்கிறது என்பதை இந்த வேக வித்தியாசம் சொல்லிவிடும். எல்லோரும் மின்தூக்கியில் ஏறிக் கீழே போகிறார்கள். பூமிக்கு அடியில் தொழிலாளர் நகரம் இருக்கிறது என்று சொல்லும் எழுத்தட்டைகூட அதே திசையில் கீழே இறங்குகிறது. மேலே முதலாளிகளின் மகன்களுக்கான பூங்காவுக்குப் போகும்போது எழுத்தும் மேலே ஏறும். நூறு வருடம் ஆகப்போகிறது, இன்றும் டைட்டில் வடிவமைப்பவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

சரி, 'பிளேடு ரன்னர்' (1982) இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அதன் தொடக்கத்தில் மூன்று அடுக்கு இருக்கிறது, மூன்றும் ஒரே தரம் இல்லை.

முதலில் எழுத்து. டைரல் நிறுவனம், நெக்சஸ் வகை ரெப்ளிகன்ட்கள் (மனிதரைப்போலவே செய்த செயற்கை ஆட்கள்), கலகம், அவர்களைச் சுட்டுக்கொல்லும் காவல் பிரிவு, அதற்குப் பெயர் மரணதண்டனை இல்லை, பணி ஓய்வு என்று நீளமாக ஒரு குறிப்பு மேலேறுகிறது. கடைசி வரி அருமை. மற்றதெல்லாம் படத்தின் முதல் இருபது நிமிடத்தில் யாராவது ஒருவர் வாயால் எப்படியும் வரத்தான் போகிறது.

இரண்டாவது, காட்சி. லாஸ் ஏஞ்சலஸ், நவம்பர் 2019. அடிவானம் வரை ஆலைகள், வானத்தில் வெடித்தெழும் நெருப்புப் பந்துகள், நடுவே பறந்துவரும் ஊர்தி, வாஞ்சலிஸின் இசை. ரிட்லி ஸ்காட் வளர்ந்தது இங்கிலாந்தின் வடகிழக்கே, இரும்பும் ரசாயனமும் காய்ச்சும் ஊர்ப்பக்கம். இரவில் ஆலைக் கோபுரங்களின் உச்சியில் எரியும் தீயைப் பார்த்திருக்கிறவருக்கு இந்தக் கற்பனை வானத்திலிருந்து குதிக்கவில்லை. டக்ளஸ் ட்ரம்புல்லின் குழு சின்ன மாதிரிகளை வைத்து எடுத்த காட்சி இது. திடீரென்று திரை முழுக்க ஒரு கண், அதன் பாவைக்குள் அந்த நெருப்பு. யாருடைய கண் என்று படம் சொல்வதில்லை. உலகத்தைக் காட்டும் பரந்த காட்சிக்கு நடுவே அதைப் பார்க்கும் ஒரு கண்ணைச் செருகியதால், அது வெறும் ஊர்க்காட்சியாக நின்றுவிடாமல் யாரோ ஒருவரின் பார்வையாகிவிடுகிறது. யார் மனிதர் என்று கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் கதைக்கு இதைவிட நல்ல முன்னுரை ஏது?

மூன்றாவது அடுக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தப் பிரம்மாண்டமான பிரமிடுக்குள் ஒரு அறை, புகை, மேலே சாதாரண மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. எதிர்காலத்திலும் மின்விசிறி! இந்த மாதிரிப் பழைய பொருள் ஒன்று இருந்தால்தான் புதிய பொருள்களை நம்ப முடியும். எந்தக் காலத்திலும் வீட்டில் எல்லாப் பொருளும் ஒரே நாளில் வாங்கியதாக இருக்காதே. ஹோல்டன் என்ற காவல்காரர் லியோன் என்ற கழிவுக்கூடத் தொழிலாளியிடம் கேள்வி கேட்கிறார். பாலைவனத்தில் நடக்கிறாய், ஒரு நிலத்தாமையைப் பார்க்கிறாய். அது என்னவென்று லியோனுக்குத் தெரியவில்லை. ஆமை தெரியும் அல்லவா, அதேதான் என்கிறார் ஹோல்டன். ஆமையைப் பார்த்ததில்லை, ஆனால் சொல்வது புரிகிறது என்கிறான் லியோன். பிலிப் கே. டிக்கின் 1968 நாவலில் விலங்குகள் அழிந்துபோன உலகம் பக்கம் பக்கமாக வரும். படத்தின் தொடக்கத்தில் அதற்குக் கிடைத்தது இந்த ஒரு வரிதான். அது போதுமாகவும் இருக்கிறது. அடுத்தது அம்மாவைப் பற்றி ஒரு கேள்வி, மேசைக்கு அடியிலிருந்து துப்பாக்கி வெடிக்கிறது.

பரந்த வானத்திலிருந்து ஒரு மேசைக்கு வந்து சேரும் இந்தப் பயணத்தைப் பின்னால் எத்தனையோ படங்கள் நகலெடுத்தன. பெரும்பாலானவை வானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேசையை மறந்துவிட்டன. மழை, நியான் பலகை, பறக்கும் வண்டி என்று இரண்டு நிமிடம் சுற்றிக்காட்டிவிட்டு, பேச ஆரம்பித்ததும் இன்றைக்குப் பேசுகிற மாதிரியே பேசுவார்கள். அங்கேயே நம்பிக்கை போய்விடும்.

இனி உங்கள் நேரடிக் கேள்வி, பின்னணிக் குரல். கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்பவர்கள் 'மேட் மேக்ஸ் 2' (1981) பார்க்கவில்லை என்று அர்த்தம். ஜார்ஜ் மில்லரின் அந்தப் படம் ஒரு கிழவரின் குரலில் தொடங்குகிறது. பழைய செய்திப்படத் துண்டுகள் சதுரமான சின்னச் சட்டத்துக்குள் கறுப்பு வெள்ளையாக ஓடுகின்றன. எண்ணெய்க்காகப் போர், இயந்திரங்கள் நின்றுபோனது, தெருவெல்லாம் கொள்ளைக்கூட்டம். போருக்கு என்ன காரணம் என்பதே எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது என்கிறது அந்தக் குரல். முழுக்க முழுக்க விளக்கம்தான். ஆனாலும் வேலை செய்கிறது, ஏனென்றால் அந்தக் குரலுக்கு ஓர் உடம்பு இருக்கிறது. பேசுவது யார் என்று படம் முடியும்போது தெரியும்: கதையில் பேச்சே வராமல் உறுமிக்கொண்டு திரியும் அந்தக் காட்டுப் பையன், வளர்ந்து முதியவனாகி, தன் கூட்டத்துக்குச் சொல்லும் பழங்கதை அது. அப்படியானால் நாம் பார்த்தது வரலாறு என்பதைவிட நினைவில் ஊறிப் பெரிதாகிப்போன ஒரு வீரன் கதை. தொடக்கக் குரல் தகவலும் தந்தது, படத்துக்கே வேறொரு அர்த்தமும் தந்தது.

எதிர்ப்பக்கத்தில் 'டார்க் சிட்டி' (1998). நினைவிழந்த ஒருவன் குளியல் தொட்டியில் கண்விழிக்கிறான், அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஊரில் என்ன நடக்கிறது என்று அவனோடு சேர்ந்து நாமும் தேட வேண்டும். அதுதான் கதையின் சுவை. திரையரங்கில் வெளியான வடிவத்திலோ, வேற்றுலகத்தார் யார், அவர்களுக்கு என்ன சக்தி என்று கீஃபர் சதர்லேண்டின் குரல் முதல் நிமிடத்திலேயே போட்டு உடைத்துவிடும். மர்மக் கதையின் கடைசிப் பக்கத்தை முகப்பில் ஒட்டிய மாதிரி. பார்வையாளருக்குப் புரியாமல் போய்விடுமோ என்று தயாரிப்புத் தரப்பு பயந்ததன் விளைவு. இயக்குநர் அலெக்ஸ் ப்ரோயாஸ் 2008-இல் வெளிவந்த தன் வடிவத்தில் அந்தக் குரலை நீக்கினார். இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். குரல் விளக்கம் எப்போது கெடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நம் படங்களில் ஒரு கனத்த குரல் ஊரின் வரலாற்றைச் சொல்லி முடித்த பிறகுதான் கதை தொடங்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கிராமத்துப் பகை, கோயில் திருவிழா என்றால் அது ஒத்துப்போகலாம், அந்த ஊரை நமக்கு ஏற்கெனவே ஓரளவு தெரியும். அறியாத உலகத்துக்கு அதே வழக்கத்தைக் கொண்டுவந்தால், படம் பார்க்க வந்தவரை வகுப்பில் உட்காரவைத்ததுபோல ஆகிவிடும்.

குரலே இல்லாமல் வரலாறு சொல்ல ஆசையா? ரிச்சர்ட் ஃப்ளைஷரின் 'சாய்லன்ட் கிரீன்' (1973) பாருங்கள். பழைய அமெரிக்காவின் அசையாப் புகைப்படங்கள்: ஆற்றோரம், குதிரைவண்டி, குடும்பம். மெதுவாகத் தொடங்கி, இசையோடு சேர்ந்து படங்கள் வேகமெடுக்கின்றன. ஆலை, கார், கூட்டம், குப்பை. உச்சத்துக்குப் போய் மறுபடி தளர்ந்து அடங்குகின்றன. அப்புறம் மூன்று வரி: ஆண்டு 2022, இடம் நியூயார்க், மக்கள்தொகை நாலு கோடி. நூறு வருட வரலாறு இரண்டு மூன்று நிமிடத்தில், ஒரு சொல் இல்லாமல். இதில் எதிர்காலத்துக்கென்று எடுத்த படம் ஒன்றுகூட இல்லை என்பது உங்கள் பட்ஜெட்டுக்கு நல்ல செய்தி. எல்லாம் ஏற்கெனவே நடந்தவற்றின் புகைப்படங்கள். பார்க்கிறவர் தன் காலத்திலிருந்தே அந்தக் காலத்துக்கு நடந்துபோய்விடுகிறார்.

செய்தி அறிக்கை வழியாக உலகத்தைச் சொல்வது இன்று தேய்ந்துபோன உத்தி. 'ரோபோகாப்' (1987) அதை வைத்தபோது பால் வெர்ஹோவன் செய்திக்கு நடுவே விளம்பரத்தையும் வைத்தார். அணுகுண்டுச் செய்தியைப் பளிச்சென்ற சிரிப்போடு படித்துவிட்டு, அதே சிரிப்போடு செயற்கை இதயம் விற்கிறார்கள். அங்கே செய்தியைவிட அதைப் படிக்கும் முகம்தான் முக்கியம். பின்னால் வந்தவர்கள் முகத்தை விட்டுவிட்டு, கதைக்கு வேண்டிய தகவலைச் செய்தி வாசிப்பாளர் வாயில் திணித்தார்கள். குவாரோனும் செய்தியைத்தான் பயன்படுத்தினார், ஆனால் நாயகன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே போகிறான். உங்கள் படத்தில் செய்தி ஓடினால், யாராவது ஒருவர் அதைக் கேட்காமல் இருக்கட்டும்.

இன்னும் இரண்டு மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புத்தகங்களை எரிக்கும் உலகத்தைச் சொல்லும் 'ஃபாரன்ஹீட் 451' (1966) படத்தில் த்ரூஃபோ டைட்டிலை எழுத்தில் போடவில்லை. வீட்டுக் கூரைகளின் ஆன்டெனாக்களைக் காட்டியபடி நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்களை ஒரு குரல் வாசிக்கிறது. எழுத்தே இல்லாத உலகத்துக்குள் பார்வையாளரை அவருக்கே தெரியாமல் அழைத்துவந்துவிட்டார்கள். 'கட்டாக்கா' (1997) நீல ஒளியில் பெரிய பிறைபோன்ற பொருள்கள் தடதடவென்று விழுவதோடு தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில்தான் அவை வெட்டிய நகத்துண்டுகள் என்று தெரியும். ஒருவன் தன் உடம்பிலிருந்து உதிரும் ஒவ்வொரு துணுக்கையும் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறான். நகமும் முடியும் பாறைபோலக் கனக்கும் உலகம், ஏனென்றால் ஒரு முடி போதும் அவனைக் காட்டிக்கொடுக்க. 'வால்-ஈ' (2008) தூரத்திலிருந்து வானுயர்ந்த கட்டிடங்களைக் காட்டுகிறது. கிட்டே போனால் பாதி கோபுரங்கள் குப்பைக் கட்டிகள். மேலே குதூகலமான பழைய பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குட்டி இயந்திரம் தன்னைப்போலவே இருந்து ஓய்ந்துபோன ஒன்றின் சக்கரப் பட்டைகளைக் கழற்றித் தனக்கு மாட்டிக்கொண்டு போகிறது. இத்தனை செல்லமான படத்தில் இப்படி ஒரு செய்கை.

உங்கள் திரைக்கதைக்கு வருவோம். செலவுக்கு அஞ்ச வேண்டாம். கோதார் 1965-இல் 'ஆல்ஃபவில்' எடுத்தபோது எதிர்கால நகரத்துக்கு ஓர் அரங்குகூடப் போடவில்லை, அன்றைய பாரிஸின் புதிய கண்ணாடிக் கட்டிடங்களையும் இரவு விளக்குகளையும் வைத்தே முடித்தார். எடுத்துக்காட்டுக்கு, தண்ணீர் அளந்து தரப்படும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது நீண்ட வரிசை, காலிக் குடங்கள், துப்பாக்கியோடு காவலர். அது இன்றைய செய்திப் படம்போலத்தான் இருக்கும். அதற்குப் பதில் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சீர்த்தட்டில் மூடி முத்திரையிட்ட அரை லிட்டர் பாட்டில் ஒன்று, பக்கத்தில் பூவும் பழமும். பெண்ணின் அத்தை முத்திரையைத் திருப்பிப் பார்த்து, போன வருடத்துத் தண்ணீர் என்று முகத்தைச் சுளிக்கிறார். யாரும் எதையும் விளக்கவில்லை. கேமராவும் அந்தப் பாட்டிலை நெருங்கிப் போய் நிற்கக் கூடாது, தட்டோடு தட்டாக அது கடந்துபோக வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு வசனத்தையும் எடுத்து, இதை இந்த ஆள் எதிரில் இருப்பவருக்குச் சொல்கிறாரா, திரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நமக்குச் சொல்கிறாரா என்று கேளுங்கள். "உனக்குத்தான் தெரியுமே, பெரிய வறட்சிக்கு அப்புறம்..." என்று தொடங்கும் வரியெல்லாம் இரண்டாம் வகை. தெரிந்தவரிடம் எதற்குச் சொல்கிறார்? அடித்துவிடுங்கள்.

ஆண்டு போடுவதா என்று யோசித்தால், நான் போடாமல் விடவே சொல்வேன். 2019-உம் 2022-உம் வந்து போய்விட்டன, அந்தப் படங்கள் பழசாகிவிடவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பார்க்கிறவர் முதல் நிமிடத்திலேயே இன்னும் எத்தனை வருடம் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார். அந்தக் கணக்கு உங்கள் கதைக்கு உதவும் என்றால் போடுங்கள், டியேகோவின் வயது உதவியதுபோல.